போக ஐந்து, வர பதின்மூன்று

சென்ற ஆடியில் ஒரு நாள் காலை, ஏழுமலை என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் மணியை மட்டும் அடித்தார். மரக்காணம் உப்பு அலுவலகத்தில் நெடுங்காலமாகப் பியூன் வேலை பார்ப்பவர் அவர். நான் அந்த வேலையை விட்டு வானூருக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அலுவலகத்திலிருந்து ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை. வராதவர்களின் பெயர்களை நான் மறந்ததுமில்லை.

"ஹெட் கிளார்க்கு ஐயா போயிட்டாருங்க சார்," என்றார் ஏழுமலை. "விடியக்காலம் எழுந்து காப்பி கேட்டிருக்காரு. அம்மா போட்டுக் கொண்டாறதுக்குள்ள சாஞ்சிட்டாரு."

"நீங்க எத்தனை மணிக்குக் கெளம்பினீங்க?" என்று கேட்டேன்.

"ஆறரைக்கு. மூணு மணி நேரம் ஆயிடுச்சு. எதிர்காத்து சார்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சொல் யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஒரு தந்தி குடுத்திருக்கலாமே. இவ்வளவு தூரம் மிதிச்சுகிட்டு..."

"தந்தி குடுத்தா அவரு வரமாட்டாரு, நீயே போய் கையோட இட்டாந்துடுன்னு அம்மா சொல்லிட்டாங்க சார்."

என்னைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் அன்று காலை இறந்துபோன கோவிந்தராசு. மற்றவர் அவருடைய மனைவி தனபாக்கியம். சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை என் வாசலிலேயே விடச் சொல்லி, ஏழுமலையுடன் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் கோவிந்தராசுவின் கீழ் வேலை பார்த்தவர்கள், அல்லது உப்பளத்து மேஸ்திரிகள். அவரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எடை மேடையில் நின்றால் குடையை மற்றவர்மேல் சாய்த்துப் பிடிப்பார் என்பதும், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதும் ஊரறிந்தவை. ஆனால் அவருக்கும் எனக்கும் நடந்த ஒரு விஷயம் உங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதில் என் பங்கு நல்லதல்ல. எழுதச் சொன்னவர்கள் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். எழுதிவிடுகிறேன்.

நான் சென்னையில் பூகோளம் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்த அலுவலகத்தில் பட்டம் வாங்கிய ஒரே ஆள். தலைமை எழுத்தர் நாற்காலி காலியானபோது அது எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். ஏழுமலைகூட நினைத்தார். அப்போதிருந்த அதிகாரி என்னைப் பற்றி ரகசியக் குறிப்பில், "அறிவு உண்டு, இணக்கம் இல்லை" என்று எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நாற்காலி பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்ட கோவிந்தராசுவுக்குப் போயிற்று. அவர் கால்வாய்க் கரையில் உப்பு ஓடங்களுக்குச் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. அந்த அதிகாரியை நான் மன்னிக்கவும் இல்லை.

பதவி ஏற்ற முதல் நாள், தலைமை எழுத்தருக்குரிய ஜன்னலோர இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "சார், நீங்களே அங்க இருங்க. எனக்கு மூஞ்சியில வெளிச்சம் பட்டா தூக்கம் வந்துடும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பிச்சை போடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து நான்கு வருடங்கள் அவரோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் பேசினேன்.

எழுபத்து நான்காம் வருடம், அவருடைய ஒரே மகள் மல்லிகா பாரீசுக்குப் புறப்பட்டாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை முன்னாலேயே போய்விட்டார். காகிதங்கள் வந்து சேர்ந்ததும், சென்னையைத் தாண்டியிராத அந்தப் பெண் தனியாகப் போகவேண்டியிருந்தது. மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய். அங்கே ஒரு நாள் தங்கல். மறுநாள் காலை பம்பாயிலிருந்து பாரீஸ். பாரீஸ் எவ்வளவு தூரம் என்று உப்பளத்துப் பெண்கள் கோவிந்தராசுவை வழிமறித்துக் கேட்டார்கள்.

"அளந்தாதான் தூரம்," என்பார் அவர். "அளக்காத வரைக்கும் பக்கந்தான்."

ஆனால் தூரத்தை அளக்காதவர் நேரத்தைக் கணக்கிட்டார். விமானச் சீட்டில் இருந்த மணிகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பம்பாயில் புறப்பாடு காலை ஆறு. பாரீசில் இறக்கம் பகல் பதினொன்று. திரும்பி வரும் விமானம் பாரீசில் காலை ஒன்பதரைக்கு ஏறினால் பம்பாயில் இரவு பத்தரைக்கு இறங்கும். கழித்துப் பார்த்து, அடியில் பென்சிலால் எழுதினார்: போக 5, வர 13.

"அஞ்சு மணி நேரந்தானா?" என்றார் ஏழுமலை. "நம்மூர்லருந்து திருவண்ணாமல போய்ச் சேர்றதுக்கே அவ்ளோ ஆவுதுங்களேய்யா."

"அது பஸ்ஸுப்பா. நீ ஏற எறங்க நிப்பாட்டுவான். இது மேல போவுது."

"செரி, வர்றப்ப ஏன் பதிமூணு?"

கோவிந்தராசு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஏம்பா, நீ கால்வாயில ஓடம் பாத்தவன்தானே. இங்கிருந்து மூட்ட ஏத்திகினு வடக்க போறான். தெக்கத்திக் காத்து. பாய விரிச்சான்னா மூணாம் நாள் மெட்ராசு. அதே ஓடம் காலியாத் திரும்பி வர்றப்ப எத்தினி நாள்?"

"ஒரு வாரம். கயித்தக் கட்டி இழுத்துகினு வரணும்."

"அவ்ளோதாம்பா. போறப்ப காத்து பின்னால, வர்றப்ப எதுக்க."

அறையில் எல்லோரும் ஆமோதித்தார்கள். இருபது வருடம் ஓடச் சீட்டு எழுதிய மனிதருக்கு, போகும் நேரமும் வரும் நேரமும் வேறாக இருப்பதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஒன்றாக இருந்திருந்தால்தான் அவர் சந்தேகப்பட்டிருப்பார்.

எனக்குத் தெரியும். சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் மணிகள். பாரீசின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு நாலரை மணி நேரம் பின்னால். போகும்போது அந்த நாலரையைக் கூட்டவேண்டும், வரும்போது கழிக்கவேண்டும். போக ஒன்பதரை, வர எட்டரை. ஒன்பதாம் வகுப்புப் பாடம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சார், சரிதானே?"

"நீங்க சொன்னா சரிதான்," என்றேன்.

மல்லிகா பம்பாயில் விமானம் ஏறிய மறுநாள் அவர் தட்டு நிறைய மைசூர்பாகு கொண்டுவந்தார். "நேத்து பதினோரு மணிக்கெல்லாம் எறங்கியிருக்கும் புள்ள," என்று சொல்லிக்கொண்டே மேசை மேசையாக வைத்தார். என் மேசைக்கு வந்தபோது நான் அட்லாஸைத் தயாராக வைத்திருந்தேன். அதை முந்தின நாளே வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடவேண்டும்.

"பதினோரு மணிக்கு இறங்கலை," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். தீர்க்க ரேகைகளைக் காட்டினேன். நூலை வைத்துத் தூரத்தை அளந்து காட்டினேன். பம்பாய்க்கும் பாரீசுக்கும் நடுவே ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டர். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். நம் கடிகாரப்படி விமானம் இறங்கியது மூன்றரை மணிக்கு என்றேன். யாரும் மைசூர்பாகைத் தொடவில்லை. அந்தப் பத்து நிமிடங்கள் எனக்கு நன்றாக இருந்தன.

கோவிந்தராசு கோபப்படவில்லை. படத்தைக் குனிந்து பார்த்தார். "அப்போ நேத்து நம்ம பதினோரு மணிக்கு அது எங்க இருந்திருக்கும் சார்?"

நான் விரலை வைத்தேன். "துருக்கி. மலைகளுக்கு மேல."

என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலித் தட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

மாலையில் மற்றவர்கள் கிளம்பும் வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "சார், வீட்ல நேத்து பதினோரு மணிக்குப் பெருக்கிட்டாங்க," என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த பேனாவை மூடினேன். ஒருவர் ஊருக்குப் புறப்பட்டால் அவர் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்குவதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். பெருக்கினால் போனவரையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியதாக ஆகும். மல்லிகா வாசலை விட்டு இறங்கியதிலிருந்து தனபாக்கியம் துடைப்பத்தைத் தொடவில்லை. வழியனுப்ப வந்த கூட்டம் போட்ட குப்பை ஒன்றரை நாளாகக் கிடந்தது. கடிகாரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்து, பதினொன்று அடித்ததும் எழுந்து பெருக்கினார். மல்லிகா அப்போது துருக்கி மலைகளுக்கு மேல் இருந்தாள்.

"மாப்பிள்ள தந்தி குடுக்கறேன்னாரு. இன்னும் வரல," என்றார் கோவிந்தராசு. "தனத்துக்கு இது தெரிய வேணாம் சார்."

ஆனால் அலுவலகத்தில் நான் அடித்த தம்பட்டம் ஏழுமலையின் காதில் விழுந்து, அவர் மனைவியின் காதுக்குப் போய், மறுநாள் குழாயடியில் தனபாக்கியத்தின் காதுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் பெருக்குவதை நிறுத்திவிட்டார். தகவல் வரும்வரை துடைப்பத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள், நான்கு நாள், ஆறு நாள். தந்தி வரவில்லை. அது சித்திரை மாதம். அவர்கள் வீடு கடலைப் பார்த்த வீடு. அந்த வீடு ஆறு நாளில் என்ன ஆகியிருக்கும் என்று மரக்காணத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் பெருக்கித் தருகிறோம் என்று வந்தபோது வாசலை மறித்து நின்றுகொண்டாராம். சோறு ஆக்குவார், கணவருக்குப் போடுவார், தான் சாப்பிடமாட்டார்.

ஏழாம் நாள் கோவிந்தராசு என் மேசைக்கு வந்தார். முகச்சவரம் செய்யாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். "சார், ஒரு உதவி. வீட்டுக்கு வந்து, பிளேன் அஞ்சு மணி நேரத்துல போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. காத்து நல்லா இருந்துச்சு, சீக்கிரம் போயிடுச்சுன்னு. படிச்சவங்க சொன்னா நம்புவா."

வருகிறேன் என்றேன். உப்பு அம்பாரங்களை ஒட்டிய பாதையில் இருவரும் நடந்தோம். பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க அன்னிக்குச் சரிதானேன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன்," என்றேன்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"நீங்க சொன்னா சரிதான்னீங்களே. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்க யாரு சொன்னதையும் சரின்னு சொன்னதே இல்லியே." சற்றுத் தூரம் நடந்த பிறகு, "நான் திருப்பிக் கேட்டிருக்கணும். அஞ்சு நல்லா இருந்துச்சு சார். ஒம்பதர வேணாம்னு மனசு நெனச்சிடுச்சு," என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டியவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சிலும் மணல் இருந்தது. தனபாக்கியம் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்.

"சார், நீங்க பொய் சொல்ல வந்தீங்களா, நெஜம் சொல்ல வந்தீங்களா?"

நான் கோவிந்தராசுவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிளேன் எத்தினி மணிக்கு எறங்குச்சு?"

"நம்ம மணிக்கு மூணரைம்மா," என்றேன்.

"பாத்தீங்களா," என்றார் கணவரிடம். குரல் உயரவில்லை. "நாலரை மணி நேரத்துக்கு முன்னாலயே என் கையால வாரிக் கொட்டிட்டேன்."

என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒன்றை அப்போதுதான் முதல் முறையாக வெறுத்தேன். கோவிந்தராசு கால் கட்டைவிரலால் தரையில் இருந்த மணலில் ஒரு கோடு போட்டார். அதன் மேலேயே இன்னொரு கோடு போட்டார். பிறகு விரல் நின்றது.

"தனம், நீ பெருக்குனது பதினோரு மணிக்கு."

"அதத்தானே சொல்லிகினு இருக்கேன்."

"பன்னண்டுக்குக் கடல்காத்து எழும்புச்சா?"

"அது என்னிக்கு எழும்பாம இருந்துது?"

"மூணரைக்கு இந்தக் கூடம் எப்படி இருந்துது?"

"ஊருக்குப் புதுசா வந்தவரு மாதிரி கேக்கறீங்க. எப்பவும் போலத்தான். கால் வெச்சா மண்ணு நறநறன்னுச்சு."

"அப்போ புள்ள எறங்குன நேரத்துக்கு இது பெருக்குன வூடா, பெருக்காத வூடா?"

தனபாக்கியம் கதவிலிருந்து நிமிர்ந்து நின்றார். அவர் லேசில் விடுகிறவர் அல்ல.

"மண்ணு வந்துச்சு, சரி. நான் வாரிக் கொட்டுன குப்ப?"

"எங்க கொட்டுன?"

"வேலியோரம்."

"எந்த வேலி?"

"கெழக்கால."

"காத்து எங்கேருந்து வருது?"

தனபாக்கியம் வாசல் வழியாகக் கிழக்கு வேலியைப் பார்த்தார். அதற்கு அப்பால் மணல் மேடு, அதற்கு அப்பால் கடல். பிறகு கூடத்தின் மூலையைப் பார்த்தார். வழியனுப்பு அன்று யாரோ தின்று போட்ட வேர்க்கடலைத் தோல் ஒரு சிறு குவியலாக அங்கே ஒதுங்கியிருந்தது. அவர் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மனுஷன் ஹெட் கிளார்க்கு வேலைக்குப் போவாம வக்கீலுக்குப் போயிருக்கணும் சார்," என்றார் என்னிடம்.

"எனக்கும் அதே எண்ணந்தாம்மா," என்றேன். "நாற்காலியாவது மிச்சமாயிருக்கும்."

கோவிந்தராசு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான்கு வருடத்தில் அவர் முன்னால் நான் சொன்ன முதல் நகைச்சுவை அது. மூவரும் சிரித்தோம். தனபாக்கியம் கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்தார். "ரெண்டு பேரும் எழுந்து வெளிய நில்லுங்க. ஒரு வாரத்து மண்ணு. மண்ணுல கால வெச்சுகினு உக்காந்திருக்கீங்க." நாங்கள் வெளியே வந்து வாசலோரம் நின்றோம். உள்ளே துடைப்பத்தின் சத்தம் அறை அறையாக நகர்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊரில் அப்போது மேல்காற்று நின்று கடல்காற்று தொடங்கியிருந்தது. அவர் முன்பக்கம் தள்ளிய மணலில் பாதி எங்கள் வேட்டிமேல் வந்து விழுந்தது. அன்று மாலை தனபாக்கியம் சாப்பிட்டார் என்று மறுநாள் கோவிந்தராசு சொன்னார்.

கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது. தந்தி கொடுக்க மாப்பிள்ளை மறந்துவிட்டாராம். மல்லிகா மூன்று பக்கம் எழுதியிருந்தாள். காலையில் ஏறினேன், இரண்டு தடவை சாப்பாடு கொடுத்தார்கள், வெயில் மட்டும் நகரவே இல்லை, இறங்கினபோது சுவரில் பதினொன்று, என் கைக்கடிகாரத்தில் மூன்றரை, கடிகாரம் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். கோவிந்தராசு அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கைக்கடிகாரம் வந்த இடத்தில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "பதினொண்ணும் சரி, மூணரையும் சரி. அப்படித்தானே சார்?" என்றார்.

"சரி," என்றேன். அந்த முறை உண்மையாகவே சொன்னேன்.

அதன் பிறகு மதிய உணவு நேரத்தில் நானும் அவரும் சேர்ந்து உட்கார ஆரம்பித்தோம். ஒரு நாள் ஓர் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றிச் சொன்னேன். வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஒரு காற்று வீசுகிறது. அதனால்தான் போவதற்கு ஒன்பதரை, வருவதற்கு எட்டரை. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அப்போ காத்து இருக்குதுன்னு ஒத்துக்கறீங்க."

"இருக்குது. ஆனா நீங்க சொன்னதுக்கு நேர் மாறா. போறப்பதான் எதிர்காத்து."

"தெசதானே சார் தப்பு. காத்து சரிதானே."



ஆனால் வீட்டில் அவர் பழைய கணக்கையே வைத்துக்கொண்டார். மல்லிகா அடுத்த வருடம் வருகிறேன் என்று எழுதி, அது தள்ளிப்போகும்போதெல்லாம், "வர்றப்ப எதிர்காத்து தனம், பதிமூணு மணி நேரம்," என்பார். தனபாக்கியத்துக்கும் எட்டரை என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பதின்மூன்று அவருக்கு உதவியாக இருந்தது. பெண் வராமல் இருப்பதற்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் காரணமில்லை, காற்றுதான் காரணம் என்று இருந்துவிட முடிந்தது. மூன்று வருடம் கழித்து அவள் கைக்குழந்தையுடன் வந்து இறங்கியபோது, யாரும் யாரையும் குறை சொல்லாமல் அழுதார்கள். குறை சொல்லாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு என்பதை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன். எனக்கு அது கைவரவில்லை. பார்த்திருக்கிறேன் என்பது மட்டும் உண்மை.

ஆடி மாதத்து அந்த நாளுக்கு வருகிறேன். நானும் ஏழுமலையும் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து சம்பந்தி வீட்டார் பாரீசுக்குத் தந்தி கொடுத்திருந்தார்கள். மகள் வரும் வரை வைத்திருக்க முடியாது என்று முடிவாயிற்று. மூன்று மணிக்கு எடுத்தார்கள். மேஸ்திரிகள் போட்டி போட்டுக்கொண்டு தோள் கொடுத்தார்கள். எனக்கும் கொஞ்ச தூரம் கிடைத்தது. கால்வாய்க் கரையில் எல்லாம் முடிந்து, குளித்துத் திரும்பும்போது ஐந்து மணி இருக்கும்.

வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் துடைப்பம், இன்னொருத்தியின் காலடியில் தண்ணீர்க் குடம். எடுத்த உடனே பெருக்கிக் கழுவவேண்டிய வீடு கழுவப்படாமல் அப்படியே இருந்தது.

"நீங்களாவது சொல்லுங்க சார்," என்றார் துடைப்பத்தை வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண். "பொணம் எடுத்த வூட்ட இப்டிப் போட்டு வெக்கலாமா? தொட விட மாட்டேங்குது. சாரு வரட்டும், சாரு வரட்டும்னு ஒரே பேச்சு."

தனபாக்கியம் கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தரையில் பூவிதழும் மணலும் கிடந்தன. என்னைப் பார்த்ததும், ஏதோ அலுவலக விஷயம் கேட்பதுபோல், நிதானமாகக் கேட்டார்.

"சார், மல்லிகாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்குது. அவ கெளம்புனாலும் எதிர்காத்து. பதிமூணு மணி நேரம் ஆவும். அது எனக்குத் தெரியும்." தரையில் கிடந்த பூவிதழ் ஒன்றை எடுத்தார். "இவரு போய்ச் சேர எத்தினி நேரம் ஆவும்?"

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏழுமலையும் பார்த்தார். அளப்பதற்கு நூலும் இல்லை, விரல் வைக்கப் படமும் இல்லை. வெளியே ஆடிக் காற்று கால்வாய்ப் பக்கத்திலிருந்து வீட்டைத் தாண்டிக் கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

"போறப்ப காத்து பின்னாலம்மா," என்றேன். "இந்நேரம் போய்ச் சேந்திருப்பாரு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பொய்யா நிஜமா என்று இந்த முறை கேட்கவில்லை.

"அப்போ பெருக்கலாம்," என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கையை நீட்டித் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். எழுந்து, மூலையிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தப் பென்சில் சீட்டு என்னிடம் இருக்கிறது. நான் வேலையை விட்டு வந்த அன்று, கோவிந்தராசு அதைத் தன் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, "நேரம் கெடைக்கறப்ப திருத்திடுங்க சார்," என்று கொடுத்தார். இப்போது நான் வானூரில், பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். தீர்க்க ரேகைப் பாடம் வரும்போது அட்லாஸைத் திறந்தால், துருக்கிப் பக்கத்தில் அது இருக்கும். போக 5, வர 13. குண்டு குண்டான எழுத்து. கேட்டும் பதில் சொல்லாமல் இருப்பது என்னவென்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். அதனால் இப்போதெல்லாம் பிள்ளைகள் எதைக் கேட்டாலும், எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மைப் பேனா எப்போதும் என் சட்டைப் பையில் உண்டு. அந்தச் சீட்டின் மேல் மட்டும் அதை வைத்ததில்லை.